நான் அப்படிச் சொல்லலியே

1992 ஜூனில் மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். பனையும் தென்னையும் நிற்கிற வறண்ட பூமி. எங்கள் ஊருக்கு மழை விருந்தாளி மாதிரி வந்துபோகும். மூணாறில் அது குடியிருந்தது. முதல் இரண்டு வாரம் துவைத்த வேட்டி காயவில்லை. பெட்டியில் எது நனைந்தாலும் நனையாமல் பார்த்துக்கொண்டது ஒன்றைத்தான்: ஒரு டஜன் சிவப்பு மைப் பேனா. பிள்ளைகளின் தமிழைத் திருத்துவதுதான் தமிழாசிரியரின் வேலை என்று அப்போது நினைத்திருந்தேன்.

பள்ளிக்குப் பின்னால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம் என்பார்கள். அதன் கடைசி அறையில் தங்கினேன். அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் பேரனைத்தான் கூப்பிடுவார். பேரன் என் வகுப்பில் ஏழாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் கதவோரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆச்சி மூச்சுவிடாமல் சொன்னார். மழை விட்டபாடில்லை. அட்டை கடித்த இடம் புண்ணாகிவிட்டது. கறுப்பு ஆட்டை மட்டும் விற்றுவிடாதே, அது உன் தங்கச்சி பேரைச் சொல்லி விட்டது. போன மாதம் கனவில் உன் அப்பா வந்தார், வந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பையன் நீலநிற இன்லண்டில் குனிந்து எழுதினான். "எங்க, வாசி பாப்போம்" என்றார் ஆச்சி. அவன் எழுந்து நின்று, வகுப்பில் வாசிக்கிற குரலில் வாசித்தான்: "அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்."

ஆச்சி அவனையே பார்த்தார். "யாருலே நலமா இருக்கா? எனக்குத்தான் காலு புண்ணாக் கெடக்கே. ஆடு எங்க? அப்பா எங்க? நான் அப்படிச் சொல்லலியே!"

பையன் என் பக்கம் கையைக் காட்டினான். "சார்தான் ஆச்சி இப்படி எழுதணும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

உண்மைதான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முந்தின வாரம்தான் கரும்பலகையில் அந்த மூன்று வரியையும் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யாதவர்களை நிற்க வைத்திருந்தேன். ஆச்சி மகனுக்குச் சொன்ன ஆடும் புண்ணும் கனவும் அந்த மூன்று வரிக்கு அடியில் புதைந்துபோயின. முப்பது வருஷ வேலையில் என்னென்னவோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன், சான்றிதழ்கள் கோப்பு நிறைய இருக்கின்றன. வாசிப்பைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் நான் கற்ற முதல் பாடம் அந்தத் திண்ணையில் கிடைத்ததுதான்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் எங்கே, எதை, யாருக்காக வாசிக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்தில் நான்கு வரி தாண்டாத ஒரு பையன், டீக்கடை பெஞ்சில் தினத்தந்தியின் கன்னித்தீவை எழுத்துக்கூட்டாமல் வாசித்துக் கொண்டிருந்தான். சுற்றிலும் நான்கு பெரியவர்கள், சிந்துபாத் அடுத்து என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் வாய் திறக்கிறது. போடியிலிருந்து வரும் சாமான் சுற்றிய தாள்கள், பழைய ராணி காமிக்ஸ், அட்டை போன அம்புலிமாமா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்தேன். எங்கள் வகுப்பின் முதல் நூலகம் அந்தத் தகரம்தான். எறும்பு வந்தது, புத்தகமும் போனது, ஆனாலும் தகரம் காலியாகவில்லை.

1994இல் குறிஞ்சி பூத்தது. ஏழாம் வகுப்பில் ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தேன். "குறிஞ்சி என்றால் என்ன?" என்று கேட்டதும், "மலையும் மலை சார்ந்த இடமும்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு நீலமாகக் கிடந்தது. அந்த விடைக்கும் அந்தச் சரிவுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. பழியை அவர்கள்மேல் போட முடியாது. ஜன்னலைக் காட்டாமல் புத்தகத்தைக் காட்டியவன் நான்.

அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ. இதற்கு முந்தி 1982. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பிறந்த வருஷம் அது. "அப்படின்னா நாங்கல்லாம் ஒரு குறிஞ்சி வயசு, என்ன சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள் வயதை அப்படித்தான் கணக்கிடுவார்கள் என்பார்கள். அவள் அதைக் கேள்விப்பட்டதில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். "சரி, போன குறிஞ்சியில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். எழுதும் முறை எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் வந்த நோட்டுகளை இரவு இரண்டு மணி வரை படித்தேன். வலி வந்த அம்மாவைக் கம்பளியில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கியதை ஒருவன் எழுதியிருந்தான். 'நான் பிறந்த அன்றைக்கும் அப்பாவுக்குப் பேர் விழுந்தது, அதனால் என்னை ராசிக்காரி என்றார்கள்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பேர் விழுவதென்றால் அன்றைய வேலைக்குக் கூலி உண்டு என்று பொருள். அந்த வாக்கியத்தில் என் சிவப்புப் பேனா வைக்க இடமே இல்லை. இரண்டு வருஷமாக 'எனது கிராமம்', 'பசுவின் பயன்கள்' என்று எழுதவைத்து நான் வாங்காத தமிழை, ஒரு பூவும் ஒரு கேள்வியும் வாங்கித் தந்தன.

அந்த ஆண்டு விடுமுறையில் கோயம்புத்தூரில் பழைய புத்தகக் கடையொன்றில் கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி கிடைத்தது. 1982இல் வந்த புத்தகம், இதுவும் ஒரு குறிஞ்சி வயசு. இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, மக்கள் வாயில் கிடந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தவர் அவர். அதைப் புரட்டியபோது எங்கள் லயத்து ஆச்சிகளின் குரல் கேட்டது. கங்காணிகள் பின்னால் நடந்து மலையேறியவர்கள் மூட்டையில் பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. சொற்களைக் கொண்டுவந்தார்கள். மலையில் தோட்ட வேலைச் சொற்கள் அவற்றோடு ஒட்டிக்கொண்டன: கவாத்து, நிரை, பெரட்டு, லயம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு போட்டேன். வாரம் ஐந்து சொல், அதை யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள். அகராதி போடுகிறோம் என்று அவர்களுக்கு ஒரே பெருமை. வீட்டில் சொல் பஞ்சம் வந்தபோது அடுத்த லயத்துக்குப் போய்க் கேட்டார்கள். கேட்கப் போனவர்கள் கதையோடு திரும்பினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேரளத்தில் பாடமுறை மாறியது. மனப்பாடம் போய்ச் செயல்பாடு வந்தது. வினாத்தாளில் 'நாட்குறிப்பு எழுதுக', 'கடிதம் எழுதுக', 'அறிவிப்பு தயாரிக்க' என்றெல்லாம் கேட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். இரண்டே வருஷத்தில் கைடுகளில் ஆயத்த நாட்குறிப்புகள் வந்துவிட்டன. ஐம்பது விடைத்தாளில் முப்பது, 'இன்று என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று தொடங்கும். பழைய 'நலம், நலமறிய ஆவல்' சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றது. பாடமுறை எதுவானாலும் ஆசிரியர் காது திறக்காவிட்டால் பிள்ளை வார்ப்பில்தான் எழுதுவான். இது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

2006இல் இரண்டாம் குறிஞ்சியையும் பார்த்துவிட்டு, மறுவருஷம் மாற்றல் வாங்கிச் சித்தூர் பக்கம் இறங்கினேன். அதற்குள் லயங்களில் செல்போன் வந்துவிட்டது. இன்லண்டு வாங்க ஆள் இல்லை. வீட்டுக்கொரு சின்ன எழுத்தர் இருந்த காலம் அதோடு முடிந்தது.

சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாளத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் இடம். எழுத்தச்சன் என்றாலே எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர், வாத்தியார் என்றுதான் அர்த்தம். அவருடைய அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு. கதையைக் கிளி சொல்கிறது, கவிஞர் கேட்கிறார். அத்தனை பெரிய எழுத்துக்காரருக்கே முதலில் ஒரு வாய் தேவைப்பட்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக்கும் அப்படித்தான். 1956இல் மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் தங்கை அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தார். கூடப் போய்த் தங்கிய அண்ணன் அந்த ஊரின் பேச்சைக் காதில் ஏற்றிக்கொண்டார். 1969இல் 'கசாக்கின் இதிகாசம்' புத்தகமாக வந்தது. அதில் வரும் ரவியும் ஓராசிரியர் பள்ளி வாத்தியார்தான். யூமா வாசுகியின் தமிழில் அதைப் படித்தபோது, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக எங்கள் ஊர் பேசுவது குறையல்ல, ஒரு நாவலுக்கே போதுமான சொத்து என்று தெரிந்தது.

ஆனால் அது தெரிவதற்கு முன்னால் ஒரு சிறுமியிடம் தோற்க வேண்டியிருந்தது. கிழக்குச் சித்தூர் தண்ணீருக்குத் தவிக்கிற பூமி. ஆளியாற்றுத் தண்ணீர் வருமா வராதா என்பதுதான் வருஷம் முழுக்கப் பேச்சு. 'எங்கள் வீடு' என்று எழுதச் சொன்னபோது ஆறாம் வகுப்புப் பெண்ணொருத்தி இப்படி எழுதினாள்: 'எங்கள் வீட்டில் வெள்ளம் இல்லை. அம்மா தூரமாகப் போய் வெள்ளம் எடுத்து வருவார்.' அம்மா மலையாளம் பேசுகிறவர், அப்பா தமிழ். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நான் இரண்டு இடத்திலும் சிவப்பில் வட்டம் போட்டுத் 'தண்ணீர்' என்று எழுதினேன். அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், தண்ணின்னா எங்கப்பா குடிக்கிறது. அது வீட்டுல இருக்கு. வெள்ளம்தான் இல்ல."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் இரண்டு சொல்லுக்கும் இரண்டு வேலை இருந்தது. நான் ஒன்றை அடித்துவிட்டு, அவள் சொல்ல வந்ததையே குழப்பியிருந்தேன். அந்த நோட்டில் 'வெள்ளம்' என்பதைத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேர்வுத்தாளில் 'தண்ணீர்' என்று எழுத வேண்டும், ஏன் என்பதையும் சொன்னேன்.

எதைத் திருத்துவது, எதை விடுவது என்பது எல்லைப் பள்ளி வாத்தியாருக்கு வாழ்நாள் கணக்கு. மலையாளத்தில் வினைக்கு ஆள் காட்டும் வால் கிடையாது. நான், அவன், அவள், அவர்கள் எல்லாருக்கும் 'வந்நு' ஒன்றே போதும். எங்கள் பிள்ளைகள் தமிழிலும் 'அப்பா வந்து, அம்மா போயி, நான் அழுது' என்று எழுதுவார்கள். வாசிக்கிறவன் அடுத்து என்ன என்று காத்துக்கொண்டே இருப்பான். அதைத் திருத்தத்தான் வேண்டும். வால் இல்லாமல் தமிழ் வாக்கியம் நிற்காது. ஆனால் அதே பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கம் வாசல் திறந்திருந்தது. செய்யுள் பகுதியில் 'உறங்கு', 'பண்டு', 'நோக்கு', 'கிட்டும்' வந்தால் கோயம்புத்தூர்ப் பிள்ளை உரையைப் பார்ப்பான். எங்கள் பிள்ளை பக்கத்துவீட்டுச் சேச்சியை நினைத்துக்கொள்வான். 'அங்ஙனம்' என்று வாசித்ததும் ஒருவன், "சார், இது நம்ம அங்ஙனேதானே?" என்று கேட்டான். தமிழில் அரிதாகவே காணக் கிடைக்கிற அந்த ங்ஙவை அவன் தினமும் நாக்கில் வைத்துக்கொண்டு அலைகிறான். பழந்தமிழ் எங்கள் ஊரில் மலையாளச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு தினம். பி.என். பணிக்கரின் நினைவு நாள். அவரும் பள்ளி வாத்தியார். 1945இல் நாற்பத்தேழு நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூரில் கிரந்தசாலை சங்கம் தொடங்கினவர். வாசிப்பு தினத்தன்று பள்ளிகளில் உறுதிமொழி, சுவரொட்டி, வினாடி வினா எல்லாம் நடக்கும். மறுநாள் அலமாரி பூட்டிக்கொள்ளும். பூட்டாத அலமாரி எது என்று யோசித்தால் இடமலைக்குடிதான் ஞாபகம் வருகிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான முதுவர் ஊர். மூணாறை அடுத்த பெட்டிமுடியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று 2014இல் அங்கே போய்வந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். சின்னத்தம்பி என்கிற எழுபத்து மூன்று வயதுப் பெரியவரின் மண்சுவர் டீக்கடை. அங்கே கோணிச் சாக்கில் நூற்று அறுபது புத்தகங்கள். கூட நின்று நூலகத்தை உண்டாக்கியவர் முரளிதரன் என்ற ஆசிரியர். மலையாள எழுத்தாளர்கள் பஷீரும் எம்.டி.யும் அந்தச் சாக்கில் இருந்தார்கள். இளங்கோவின் சிலப்பதிகாரமும் மலையாளத்தில் இருந்தது. அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. சிலப்பதிகாரப் பதிகத்தில் கண்ணகி விண்ணேறியதைக் கண்டுவந்து இளங்கோவிடம் சொல்பவர்கள் குன்றக் குறவர்கள். மலைவாழ் மக்கள் வாயால் சொன்னது காப்பியமாகி, மொழிமாறி, காட்டுவழி ஏறித் திரும்ப ஒரு மலைக்குடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

2018 ஆகஸ்டில் பெருமழை. தண்ணீர் என்றும் பிரளயம் என்றும் இரண்டு அர்த்தத்திலும் வெள்ளம் வந்தது. மழை ஓய்ந்த பிறகு மூன்றாம் குறிஞ்சியைப் பார்க்க மலையேறினேன். பெருமழையில் பூ பாதி அழிந்திருந்தது. 'ஒரு குறிஞ்சி வயசு' என்று கணக்குச் சொன்ன பெண் இப்போது கொழுந்து எடுக்கிறாள், மூன்று குறிஞ்சி வயசு. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சொல் நோட்டை எடுத்துக் காட்டினாள். அவள் மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். ஆனால் அந்த நோட்டை மட்டும் வாசிப்பாளாம். "அதுல எங்க ஆச்சி இருக்காங்கல்ல சார்" என்றாள் அந்த மகள். அதே ஆண்டுதான் மூணாறுக்கு அப்பால் உள்ள மலையூரான வட்டவடையைச் சேர்ந்த அபிமன்யு என்ற கல்லூரி மாணவன் எர்ணாகுளத்தில் கொல்லப்பட்டான். தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் புத்தகம் அனுப்பினார்கள். 2019இல் வட்டவடையில் அவன் பெயரில் நூலகம் திறந்தது. கேரட்டும் பூண்டும் இறங்கிய மலைப்பாதையில் புத்தக மூட்டை ஏறியது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள்மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாமே என் வருகைப் பதிவேட்டில் நான் எழுதிய பெயர்கள் மாதிரியே இருந்தன. அழுது முடித்த பிறகு ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது: அந்த வீடுகளில் ஆச்சிகள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் சொன்னதை யாராவது எழுதி வைத்திருப்பார்களா?

அப்போது கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தது. ஜூனிலிருந்து விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்பு. பிள்ளைகள் நோட்டைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். ஒருவனைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியது படத்திலேயே தெரியும். ஒரு நாள் சொல்லிவிட்டேன்: "இனிமேல் படம் வேண்டாம். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரைப் பேசவைத்துக் குரலை அனுப்புங்கள். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். அவர் சொன்னது மட்டும், சொன்னபடி."

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாயியின் குரலை அனுப்பினான். நாலரை நிமிஷம். பனை ஏறின தாத்தாவைப் பற்றி, வற்றிப்போன கிணற்றைப் பற்றி, கிணற்றடியில் கல்யாணம் பேசி முடித்ததைப் பற்றி. அவன் அதை எழுத மூன்று நாள் பிடித்தது. ஒன்றரைப் பக்கம். வரிக்கு வரி நிறுத்திக் கேட்டு எழுதியிருந்தான் என்பது தெரிந்தது. நடுவில் அடைப்புக்குறி போட்டு, '(இங்கே அம்மாயி இருமினாங்க)' என்றுகூட இருந்தது. ஒற்றுப்பிழை நிறைய. நான் இரண்டு இடத்தில் மட்டும் தொட்டேன், இரண்டும் வால் இல்லாத வினை.

ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருந்தது. அவனைக் கூப்பிட்டேன். "அம்மாயிக்குப் படிச்சுக் காட்டினியா?"

"காட்டினேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"இருமலை எதுக்குடா எழுதினேன்னு கேட்டாங்க. மத்ததெல்லாம் நான் சொன்னதுதான்னாங்க."